நிழல் கண்ட விலங்கும் கார் கண்ட கொன்றையும்: பருவக்குறி மரபுகள் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

ஆண்டுதோறும் பெப்ரவரி 2ஆம் நாள் விடியற்காலையில் வட அமெரிக்காவின் பல ஊர்களில் மக்கள் பனியில் கூடி நின்று, ஒரு சிறு விலங்கு வளையை விட்டு வெளிவருவதைப் பார்க்கின்றனர். கிரவுண்ட்ஹொக் எனப்படும் அவ்விலங்கு அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. நிலத்தில் வளை தோண்டி வாழ்வது. குளிர்காலம் முழுவதையும் உறக்கத்தில் கழிப்பது. வெளிவந்த விலங்கு தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீடிக்கும் என்பதும், காணாவிடின் வேனில் விரைந்து வரும் என்பதும் வழக்கு. கனடாவில் வளரும் தமிழ்க் குழந்தைகள் தமிழ் மரபுத் திங்களாகிய ஜனவரியில் பொங்கல் விழாவைக் கொண்டாடி முடித்த சில நாட்களில் இந்த விலங்கின் படத்திற்கு வண்ணம் தீட்டத் தொடங்கிவிடுகின்றனர்.

இவ்வழக்கை நோக்குவோர் பொதுவாக இரு நிலைகளில் ஒன்றை மேற்கொள்கின்றனர். ஒரு சாரார் இதனைக் கேளிக்கை என்று கடந்து செல்கின்றனர். மற்றொரு சாரார் விலங்கின் கணிப்புகளை வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டு, அவை பாதியளவுகூடப் பலிக்கவில்லை என்று காட்டி, இதனை மூடநம்பிக்கை எனத் தள்ளுகின்றனர். இரு சாராருமே இம்மரபு எதனைச் சொல்கிறது என்று கேட்பதில்லை. அக்கேள்வியை எழுப்புவதும், அதன் விடை புலம்பெயர் தமிழ் இலக்கியத்துக்கு உணர்த்தும் பாடத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலங்கு மாறியது, வினா மாறவில்லை

பெப்ரவரி 2 கிறித்தவ மரபில் இயேசு கோவிலில் காணிக்கையாக அர்ப்பணிக்கப்பட்ட விழா நாள்; கிறிஸ்து பிறப்பு விழாவிலிருந்து எண்ணினால் நாற்பதாம் நாள். அன்று ஆலயங்களில் மெழுகுதிரிகள் மந்திரிக்கப்படும். தமிழ்க் கத்தோலிக்கரும் இவ்விழாவை அறிவர். இந்நாளுக்கு வானியல் சார்ந்த ஓர் இடமும் உண்டு. ஆண்டின் மிக நீண்ட இரவுக்கும், பகலும் இரவும் சமமாகும் மார்ச்சு நாளுக்கும் ஏறத்தாழ நடுவில் இது அமைகிறது. ஆகவே ஐரோப்பிய உழவர்க்கு இது குளிர்காலத்தின் நடுக்கோடாக விளங்கியது. இந்நாளில் வானம் தெளிந்திருந்தால் குளிர் நீளும் என்பதும் மூடியிருந்தால் குளிர் முடியும் என்பதும் அவர்கள் கண்ட குறி. நடு ஐரோப்பாவில் குளிர்காலத் தெளிவானம் பெரும்பாலும் உறைபனிக் காற்றோடும், மேகமூட்டம் கடலிலிருந்து வரும் மிதமான காற்றோடும் இணைந்திருப்பதால் இக்குறியில் ஓரளவு அனுபவ உண்மையும் உண்டு.

வானத்தின் நிலையை விலங்கின் நிழலாக மாற்றிச் சொன்னது நாட்டார் மரபு. செருமானிய மொழி பேசுவோரிடையே அவ்விலங்கு வளைக்கரடியாக இருந்தது. அங்கேரியிலும் சேர்பியாவிலும் அது கரடி. சேர்பியர் பழைய நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அவர்களின் கரடி பெப்ரவரி 15இல் வெளிவருகிறது. ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலோ பிரிஜித் என்னும் புனிதையின் நாளில் பாம்பு புற்றை விட்டு வரும் என்றனர்.

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் பெருந்தொகையாகக் குடியேறிய செருமானியர், தம் ஊரில் வளைக்கரடியிடம் கேட்ட அதே வினாவைப் புதிய நிலத்தில் வளையில் உறங்கும் கிரவுண்ட்ஹொக்கிடம் கேட்டனர். 1840களின் தொடக்கத்திலேயே இவ்வழக்கு அம்மாநிலத்து நாட்குறிப்பு ஒன்றில் செருமானியரின் நம்பிக்கையாகப் பதிவாகியுள்ளது. பங்சட்டோனி என்னும் ஊரில் 1887இல் தொடங்கிய பொதுவிழா இன்று உலகறிந்தது. அவ்வூரின் பெயர் அம்மண்ணின் பூர்வகுடிகளாகிய லெனாப்பே மக்களின் மொழியில் மணற்கொசுக்களின் ஊர் என்று பொருள்படும். அவ்விலங்கின் மற்றோர் ஆங்கிலப் பெயரான வுட்சக் என்பதும் அல்கோங்கிய மொழியொன்றின் சொல் ஆங்கில நாவில் திரிந்ததே. எனவே குடியேறியவரின் குறி, வெளியேற்றப்பட்டவரின் சொற்களின் மேல் நின்றுகொண்டிருக்கிறது என்பதையும் மறத்தலாகாது.

இவ்வரலாற்றில் தமிழாய்வாளர் கூர்ந்து நோக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் செருமானிய மொழிக்கு எதிரான உணர்வு வலுத்தது. அதன்பின் 1934இல் பென்சில்வேனியச் செருமானியர் இதே விலங்கின் பெயரால் மன்றங்களை அமைக்கத் தொடங்கினர. அம்மன்றக் கூட்டங்களில் தம் வட்டார மொழியில் மட்டுமே பேசவேண்டும். ஆங்கிலச் சொல் ஒன்று வாயில் வந்தாலும் சிறு காசு தண்டமாகச் செலுத்தவேண்டும். வானிலை சொல்ல வந்த விலங்கு, வழக்கொழியவிருந்த மொழி ஒன்றின் காவலாயிற்று.

குறி கூறுவது யாது

நிழல் கண்டால் குளிர் ஆறு வாரம் நீடிக்கும் என்பதில் ஒரு கணக்கு உள்ளது. பெப்ரவரி 2 முதல் மார்ச்சு 20 வரை 46 நாட்கள். ஆறு வாரம் என்பது 42 நாட்கள். எனவே விலங்கு நிழலைக் கண்டாலும் காணாவிட்டாலும் நாட்காட்டியின் வேனில் உரிய நாளில் வந்தே தீரும். கனடாவின் பெரும்பகுதியில் ஆறே வாரத்தில் குளிர் முடியுமாயின் அதனை மக்கள் நற்பேறாகவே கொள்வர். ஆகவே இக்கணிப்பு பலித்ததா பொய்த்ததா என்று விழுக்காடு போடுவது இதன் இயல்பை அறியாதார் செயல்.

இக்குறி உண்மையில் எச்சரித்தது களஞ்சியத்தைப் பற்றியாகும். புது இங்கிலாந்து உழவரிடையே, இந்நாளில் வைக்கோலிலும் விறகிலும் பாதி எஞ்சியிருக்கவேண்டும் என்ற வழக்கு இருந்தது. பகல் நீள்வதைக் கண்டு வேனில் வந்ததென மயங்கிக் கையிருப்பைச் செலவழித்துவிடாதே என்பதே அதன் கருத்து. தெளிந்த வானமும் ஒளிரும் ஞாயிறும் நம்பிக்கைக்குரிய காட்சிகள். அவற்றையே ஐயத்துக்குரியனவாக்குகிறது இம்மரபு. ஒளி மிகுந்தால் மகிழாதே, நிழலைப் பார் என்கிறது. பட்டினியை அறிந்த மக்களின் நிதானம் இதில் உள்ளது.

விலங்கின் வாழ்வும் இதற்கு முற்றிலும் அயலானதன்று. பென்சில்வேனியாவில் நடந்த கள ஆய்வுகளின்படி ஆண் கிரவுண்ட்ஹொக்குகள் பெப்ரவரித் தொடக்கத்தில் வெளிவந்து, பெண் விலங்குகளின் வளைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு மீண்டும் உறங்கச் செல்கின்றன. மார்ச்சிலேயே அவை இணைசேர்கின்றன. அந்நாளில் அது வெளிவருவதும் உள்ளே திரும்புவதும் மக்கள் கண்ணாற் கண்டவை. நிழலுக்கு அஞ்சியது என்ற காரணம் மட்டுமே அவர்கள் சேர்த்தது.

விலங்கில்லாத விழா

ஒன்ராறியோவின் வயார்ட்டன் ஊரில் இவ்விழா 1956இல் தோன்றிய முறை நாடகத்தன்மை உடையது. நண்பர் சிலர் கூடிய விருந்து ஒன்றைப் பற்றிக் கேள்வியுற்று ரொறன்ரோவிலிருந்து செய்தியாளர் ஒருவர் வந்தார். அங்கு விலங்கு எதுவும் இல்லை. விருந்தை நடத்தியவர் தம் மனைவியின் மென்மயிர்த் தொப்பியைப் பனியில் இட்டுக் குறி சொன்னார். படம் செய்தித்தாளில் வெளியாயிற்று. மறு ஆண்டு மக்கள் தேடி வந்தனர். பின்னர் வில்லி என்னும் பெயரில் வெண்ணிற விலங்கு வளர்க்கப்பட்டது. 1999இல் விழாவுக்குச் சற்று முன் அது இறந்துவிடவே, சிறு சவப்பெட்டி ஒன்று மக்கள் முன் வைக்கப்பட்டது. அதில் கிடந்ததோ முன்னரே பாடம் செய்யப்பட்ட வேறொரு விலங்கு. 2021இல் விலங்கைக் காட்டாமலே தொப்பி ஒன்றை வீசி எறிந்து வேனில் விரைவில் வரும் என்று அறிவித்தனர். அவ்விழாவுக்கு முன்பே வில்லி இறந்திருந்தது என்ற செய்தி பல மாதங்கள் கழித்தே வெளிப்பட்டது.

இந்நிகழ்ச்சிகளை நகைச்சுவையாக மட்டும் கொள்வது போதாது. குறியைப் பார்த்தறியும் பழக்கம் அற்றுப்போன பின்னும் குறிக்குரிய சடங்கு தொடரும் என்பதற்கு இவை சான்று. பங்சட்டோனியிலும் விழாக் குழுவினரே முடிவைச் சொல்கின்றனர். விலங்கு தம்மிடம் பேசியது என்பது அவர்களின் வேடிக்கைக் கூற்று. உழவரின் நிதானத்தைத் தாங்கிய குறி, சுற்றுலாவின் சின்னமாக எஞ்சியுள்ளது.

தமிழ் மரபில் பருவக்குறி

தமிழர் உயிரினங்களிடம் குறி கேட்ட முறைகள் இரண்டு. ஒன்று நிமித்தம்: பல்லி சொல்லும் புள்ளின் குரலும் தனிமனிதரின் செயலுக்கு நன்மை தீமை கூறுவன. மற்றொன்று பருவக்குறி: எறும்பு, தவளை, குயில் முதலியவற்றின் இயல்பான செயல்களைக் கொண்டு காலத்தை அறிவது. புறநானூற்றின் 173ஆம் பாடல், சோறு ஏந்திய கையராய்ச் செல்லும் சிறுவரின் வரிசைக்கு, மழைக்கு முன் முட்டைகளைச் சுமந்து மேட்டுநிலம் சேரும் சிற்றெறும்புகளின் ஒழுங்கை உவமையாக்குகிறது. அங்கே எறும்பு குறி சொல்லவில்லை. தன் வேலையைச் செய்கிறது. அதனைக் கண்டவன் மழையை அறிகிறான்.

தமிழர் காத்திருந்தது பெரும்பாலும் வேனிலுக்கன்று, காருக்கு. முல்லைத்திணையில் தலைவன் திரும்புவதாகச் சொன்ன பருவம் கார். இங்கே சங்கப் புலவர்கள் பருவக்குறியை ஒரு வழக்காடலாகவே ஆக்கிவிட்டனர். குறுந்தொகை 21இல், கொன்றை பூத்த காடு இது கார்காலம் என்று சொன்னாலும் தான் ஏற்கமாட்டேன், ஏனெனில் தலைவன் பொய் கூறான் என்கிறாள் தலைவி. குறுந்தொகை 66இல், பருவமல்லாத மழையைக் காரென மயங்கிப் பூத்த கொன்றை அறிவற்றது என்கிறாள் தோழி. மழையும் மெய், பருவமும் மெய், தோழியின் கூற்று ஆற்றுவிப்பதற்கான பொய். இயற்கையின் சான்றும் மனிதனின் வாக்கும் முரணும்போது எதனை நம்புவது என்பதே இப்பாடல்கள் எழுப்பும் சிக்கல்.

செருமானிய மரபும் தமிழ் மரபும் இவ்விடத்தில் ஒன்றையொன்று விளக்குகின்றன. முன்னது நற்குறியைக் கண்டு ஏமாறாதே என்கிறது. நம்பினால் களஞ்சியம் வெறுமையாகும். பின்னது குறியை ஏற்க மறுப்பதன் வழியே உயிரைத் தாங்கிக்கொள்கிறது. நம்பினால் தலைவன் பொய்யனாவான். இரண்டுக்கும் அடிப்படை, குறி உண்மை நிலத்தில் கண்ணெதிரே உள்ளது என்பதாகும்.

ஆறாம் திணைக்குக் கருப்பொருள் எங்கே

புலம்பெயர் இலக்கியத் திறனாய்வில் பனியும் பனிசார்ந்த நிலமும் ஆறாம் திணையாகப் பேசப்படுகின்றன. திணைக் கோட்பாட்டின்படி நிலமும் பொழுதும் முதற்பொருள், ஒழுக்கம் உரிப்பொருள், இவ்விரண்டையும் பிணைப்பவை மரம், புள், விலங்கு முதலிய கருப்பொருள்கள். ஆறாம் திணை என்று முன்வைக்கப்படும் எழுத்தில் முதற்பொருளாகப் பனி உண்டு. உரிப்பொருளாக ஏக்கம் உண்டு. கருப்பொருள்தான் அரிது. குயில் இல்லாத நாட்டில் குயில் கூவுகிறது. மார்ச்சில் தென் ஒன்ராறியோவுக்குத் திரும்பும் செந்தோள் கரும்பறவைக்கும், புல்வெளியில் மண்புழு தேடும் ரொபினுக்கும் கவிதையில் இடமில்லை. மொழிபெயர்ப்பும் இக்குறையை மூடிவிடுகிறது. கனடாவின் மார்ச்சு மாதத்துக்கு இளவேனில் என்ற சொல்லை இடும்போது, சித்திரை வைகாசியின் வெயிலையும் மாந்தளிரையும் குறித்த சொல் உருகும் பனிச்சேற்றுக்குப் பெயராகிறது. பெப்ரவரி 2 தமிழ்க் கணக்கில் தை மாதத்தின் பிற்பகுதி. அதாவது முன்பனிப் பருவத்தின் இறுதி. இந்நிலத்திலோ அது ஆழ்குளிரின் நடு. இவ்வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்காத பாடம் குழந்தைக்கு இரு நிலங்களையும் மறைக்கிறது.

பென்சில்வேனியச் செருமானியர் வளைக்கரடிக்காக ஏங்கிப் பாடிக்கொண்டிருக்கவில்லை. காலடியில் இருந்த விலங்கைக் கண்டனர். அதன் உறக்கத்தையும் விழிப்பையும் அறிந்தனர். தம் வினாவை அதனிடம் ஒப்படைத்தனர். பின்னர் அவ்விலங்கே அவர்களின் மொழிக்கு இடம் கொடுத்தது. பழைய கருப்பொருளின் பெயரை விடாது பற்றுவதால் மட்டும் மரபு காக்கப்படுவதில்லை. நிலத்தை நோக்கும் முறை காக்கப்பட்டால் பெயர் மாறினும் மரபு தொடரும். அதேவேளை, வயார்ட்டனின் தொப்பி மற்றொரு எச்சரிக்கை. நோக்குதல் நின்றுபோனால், புதிய விலங்கும் வண்ணம் தீட்டும் படமாகவே எஞ்சும்.

முடிவுரை

பருவக்குறிகளை நோக்கவேண்டிய தேவை இன்று முன்னையினும் மிகுந்துள்ளது. கிரவுண்ட்ஹொக்கின் இனமான மஞ்சள்வயிற்று மர்மொட் விலங்குகளைக் கொலராடோவின் ரொக்கி மலையில் நீண்டகாலம் பதிவுசெய்து வந்த ஆய்வாளர்கள், 1970களின் நடுப்பகுதியோடு ஒப்பிடுகையில் 1990களின் இறுதியில் அவை 38 நாட்கள் முன்னதாகவே உறக்கம் கலைந்து வெளிவருவதைக் கண்டனர். காற்று வெம்மையுற்றிருந்தது, ஆயினும் பனி உருகும் நாள் மாறியிருக்கவில்லை. விழித்த விலங்கு தின்னப் புல் இன்றிப் பனிமேல் நின்றது.

பருவமல்லாத பருவத்தைப் பருவமென நம்பிய உயிர் என்று தோழி கொன்றையைப் பற்றிச் சொன்னது ஆறுதலுக்காகப் புனைந்த பொய். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கண்டத்தில் அப்பொய் மெய்யாகியிருக்கிறது. இதனைக் காண்பதற்கான சொற்களும் கோட்பாடும் தமிழில் ஏற்கெனவே உள்ளன. அவற்றைக் கொண்டு வாழும் நிலத்தை நோக்குவதே புலம்பெயர் தமிழ் எழுத்தும் தமிழ்க் கல்வியும் ஏற்கவேண்டிய பணியாகும்.