நினைவால் எழுதிய தோம்பு

தோம்பு என்பது நிலவுரிமைப் பதிவேடு. போர்த்துக்கீசரும் பின்னர் ஒல்லாந்தரும் இலங்கையில் வரி வாங்கும் பொருட்டு எழுதிவைத்தது. அப்பெயரையே தம் படைப்புக்குச் சூட்டி, 'முற்றுப்பெறாத தோம்பு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 2011-இல் நூலாக வெளியிட்டார் ஓவியர் தா. சனாதனன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத் துறை ஆசிரியர். போரினால் வீடிழந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேர், தத்தம் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தந்தனர். அதனைக் கட்டடக் கலைமுறைப்படி அளவாக வரைந்த படம் அடுத்து வருகிறது. அவர்கள் சொன்ன கதையை உட்கொண்டு ஓவியர் வண்ணக்கட்டியால் தீட்டிய சித்திரம் மூன்றாவது.

மூன்றனுள்ளும் நெஞ்சைத் தொடுவது முதல் தாளே. வரையப் பழகாத கை, மனம் பெரிதெனக் கொண்டதையே பெரிதாக வரையும், மறந்ததை விட்டுவிடும். அளவுகோல் வந்து கோட்டை நேராக்கியதும் வீடு தெளிகிறது; வாழ்ந்தவர் மறைந்துவிடுகிறார். இது குறையன்று. பதிவேடுகள் மனிதரை இவ்வாறே விழுங்குகின்றன என்பதை ஓவியர் சொல்லாமற் சொல்லுகிறார். அவருடைய சித்திரங்களோ சில இடங்களில் தேவைக்கு மேல் பேசிவிடுகின்றன.

வட சிலாங்கூர் வாசகர் இந்நூலைப் புரட்டும்போது வேறொரு வினா எழும். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், 1917-இல் பத்தாங் பெர்ஜூந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்துத் தென்னைமரம் தோட்டத்தில் உருவாயிற்று. உருவாக்கியவர் ஆன்றி ஃபோக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930-இல் கொங்கூர் பரிசும் பெற்றது. தோட்டத்தின் பெயர் தமிழ்; உழைத்தவரும் தமிழர்; லயத்து வீடு மட்டும் நிருவாகத்துக்கு உரியது. வேலை போயின் வீடும் போகும். தோம்பில் இடம்பெற்றோர் தமதென்று சொல்லத்தக்க வீட்டை இழந்தனர். தோட்டத்தார் இழந்ததோ என்றுமே தமதாகாத வீட்டை. இவ்வேற்றுமையை மறந்து இரண்டையும் ஒரே துயரமாக்குவது திறனாய்வாகாது.

கோல சிலாங்கூர் முதியவர்களிடம் தாளும் பென்சிலும் கொடுத்தால் என்ன கிடைக்கும்? லயத்து வீடுகள் ஒரே அச்சில் வார்த்தவை. எல்லாத் தாளிலும் ஒரே படம் வரும். வேறுபாடெல்லாம் வாசலுக்கு வெளியே: பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, குழாயடி, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி. ஆதலின் சனாதனனின் முறையை இங்கு அப்படியே எடுத்தாள இயலாது. வீட்டையன்று, தோட்டத்தையே வரையச் சொல்லுதல் வேண்டும்.

பேரப்பிள்ளைகளிடம் கேட்டால்? பால்மரக்காட்டைக் கண்டறியாத பிள்ளை பாட்டி சொன்னதை வரையும். தென்னைமரம் தோட்டம் என்ற பெயரைக் கேட்டு, செம்பனை நின்ற இடத்தில் குலை தள்ளிய தென்னைகளை வரிசையாக வரைந்துவிடவும் கூடும்.