ஸ்லோன் வகுத்த முறை

திட்டமிட்ட நிர்வாக முறையால் ஒரு நிறுவனம் எவ்வளவு வளரும், எங்கே முட்டி நிற்கும் என்ற இரண்டுக்கும் ஜெனரல் மோட்டார்ஸ்தான் நல்ல சாட்சி.

1908-இல் அதைத் தொடங்கிய வில்லியம் டியூராண்ட், ப்யூக், கேடிலாக் என்று கார் கம்பெனிகளை வளைத்துப்போட்டார். அவற்றைச் சேர்த்து நடத்தும் ஏற்பாடு மட்டும் இல்லை. ஒவ்வொரு பிரிவும் இஷ்டத்துக்குச் சரக்கு வாங்கியது. 1920-இல் சந்தை படுத்ததும் சரக்கு தேங்கியது, பணம் வறண்டது, டியூராண்ட் வெளியேறினார்.

நிறுவனத்தின் நிர்வாகிகளில் ஒருவரான ஆல்ஃபிரட் ஸ்லோன் அதற்குள் ஒரு திட்டம் எழுதி வைத்திருந்தார். காரைச் செய்வதும் விற்பதும் பிரிவுத் தலைவர்கள் பாடு. முதலீடும் கொள்கையும் தலைமையகத்தின் கையில். 1923-இல் அவரே தலைவரானார். மறு ஆண்டு செயின்ட் லூயிஸ், கான்சாஸ் சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் டீலர்களை நேரில் பார்க்கப் போனார். எங்கும் விற்காத கார்கள் வரிசைகட்டி நின்றன. தலைமையகத்துக்கு வந்த கணக்கில் இந்தத் தேக்கம் சரியாகத் தெரியவில்லை. ஆலை டீலரிடம் தள்ளிய வண்டிகளே அதில் பெரிதாக இருந்தன. உடனே உற்பத்தியைக் குறைக்கச் சொன்னார். பிறகு, வாடிக்கையாளருக்கு எத்தனை வண்டி போனது என்று டீலர்கள் பத்து நாளுக்கொரு முறை சொல்லும் வழக்கத்தை உறுதிப்படுத்தினார். அவர் செய்தவற்றில் ஆகச் சிறந்தது இதுதான் என்பேன். கண்ணால் கண்ட தவறு, ஆள் மாறினாலும் மாறாத நடைமுறையானது. 1927-இல் ஃபோர்டு மாடல் டி-யை நிறுத்தியபோது ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே விற்பனையில் முன்னே இருந்தது.

ஆனால் டீலரின் குரல் ஏறிய அந்த முறையில் தொழிலாளியின் குரலுக்கு வழியே இல்லை. ஃப்ளின்ட் ஆலைகளுக்குள் 1936 டிசம்பரில் வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிட்ட தொழிலாளர்கள் 44 நாள் நகரவில்லை. அதன் பிறகே சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. பின்னாளிலும் அதே குறை தெரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய ஃப்ரீமான்ட் ஆலை, டொயோட்டாவோடு கூட்டாக 1984-இல் திறந்தது. பெரும்பாலும் பழைய ஆட்களே திரும்பி வந்தார்கள். கோளாறு கண்ட எவரும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்ற உரிமை புதிது. வண்டியின் தரம் கிடுகிடுவென உயர்ந்தது. தரக்குறைவுக்கு ஆட்களே காரணம் என்ற பழி அதோடு பொய்த்தது. அந்தப் பாடத்தை மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக நிறுவனம் திணறியது.

என் தீர்ப்பு இது: சிதறிக் கிடந்ததை உலகின் பெரிய நிறுவனமாக்கியது ஸ்லோன் வகுத்த முறைதான், ஆனால் ஆலைக்குள்ளிருந்து கற்றுக்கொள்ளும் வழியை அது வைக்கவே இல்லை. நிறுவனம் 2009-இல் திவாலானதை முழுக்க இதன் தலையில் கட்டுவது நியாயமாகாது; ஓய்வூதியச் சுமையும் அப்போதைய நிதி நெருக்கடியும் பெரிய காரணங்கள். தரத்தில் ஜப்பானியரிடம் தோற்றுக்கொண்டே இருந்த ஆண்டுகளுக்கு மட்டும் இந்த முறை பதில் சொல்லியே ஆகவேண்டும்.