வெட்கத்துக்கு யார் பில் கட்டுறாங்க?

போன மாசம் காய்ச்சலில் மூணு நாள் வீட்டிலேயே படுத்திருந்தேன். படிக்க முடியல, தூங்கவும் முடியல. யூட்யூபில் எதையோ தேடப்போய் 'எம்பராஸிங் பாடீஸ்' என்ற பழைய பிரிட்டிஷ் நிகழ்ச்சியில் மாட்டிக்கிட்டேன். ஒண்ணு பார்த்தால் அடுத்தது, அது முடிந்தால் இன்னொண்ணு என்று பத்துப் பன்னிரண்டு எபிசோட் ஓடிவிட்டது. அப்போது தோன்றிய சந்தேகத்தைத் துரத்திக்கொண்டு போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீங்க என்று ஒரு எச்சரிக்கை மட்டும் முதலில்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 2007-ல் சேனல் 4-ல் 'எம்பராஸிங் இல்னெஸஸ்' என்ற பெயரில் ஆரம்பித்து, அடுத்த வருஷம் பெயர் மாறி, 2015 வரை ஓடிய நிகழ்ச்சி இது. கிறிஸ்டியன் ஜெஸ்ஸன், டான் ஹார்ப்பர், பிக்ஸி மெக்கென்னா என்று மூன்று டாக்டர்கள். ஒரு நடமாடும் கிளினிக்கை ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஜனங்கள் வரிசையாக வந்து, வெளியே சொல்லக் கூச்சப்படுகிற நோயைச் சொல்வார்கள். மூலம், அடக்க முடியாத சிறுநீர், பிறப்புறுப்பில் கட்டி, நாற்றமடிக்கிற வியர்வை, ஒன்று பெரிசு ஒன்று சிறிசான மார்பகம். சொல்வதோடு நிற்காது, துணியை விலக்கிக் காட்டுவார்கள். கேமரா எதையும் மறைக்காது. அடுத்து ஒரு ஸ்பெஷலிஸ்ட், அடுத்து ஆபரேஷன் தியேட்டர், கடைசியில் சில மாதம் கழித்துச் சிரித்த முகத்தோடு ஒரு பேட்டி. ஒவ்வொரு கதைக்கும் இதே வரிசைதான்.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். இந்த நிகழ்ச்சியைக் கேலி செய்வது சுலபம், ஆனால் அது நிறைய உருப்படியான வேலை செய்திருக்கிறது. மார்பகத்தையும் விதைப்பையையும் நாமே எப்படித் தடவிப் பார்ப்பது என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்தது. மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீங்க, குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. சாதாரண உடம்புகள் எத்தனை விதமாக இருக்கும் என்று காட்டியது. தன் உடம்பு மட்டும்தான் கோணல் என்று நினைத்துப் புழுங்கும் ஒரு பதினேழு வயசுப் பையனுக்கோ பொண்ணுக்கோ அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

சரி, சந்தேகத்துக்கு வர்றேன். இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் சிரித்துக்கொண்டே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. டாக்டர்கிட்ட தனியா காட்ட வெட்கப்படுற ஆளு, ஊருக்கே தெரியிற மாதிரி டிவில எப்படிக் காட்டுறார்?

இதை ஜோக்காக விட்டுவிடாமல் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வெட்கம்தான் தடை என்று நிகழ்ச்சி சொல்கிறது. வெட்கத்தை விட்டு வாய் திறந்து சொல்லுங்க, உதவி கிடைக்கும் என்பதுதான் அதன் அடிப்படைச் செய்தி. பிரிட்டனில் இதை நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. 1948 ஜூலை 5 முதல் அங்கே என்.எச்.எஸ் என்ற தேசிய சுகாதார சேவை நடக்கிறது. வரிப்பணத்தில் ஓடுவதால் டாக்டரைப் பார்க்கவோ ஆபரேஷனுக்கோ நோயாளி காசு கட்ட வேண்டாம். பணம் தடையில்லை என்றால் மிச்சம் இருப்பது கூச்சம் மட்டும்தானே?

அப்படித்தான் நானும் நினைத்தேன். ஆனால் திரையில் வருகிறவர்களில் சிலர், ஏற்கனவே டாக்டரிடம் போய் வந்தவங்க. சொல்லியும் காட்டியும் பார்த்தாச்சு, ஒண்ணும் நடக்கல, அதனால் இங்கே வந்திருக்கோம் என்கிறார்கள். இவர்கள் விஷயத்தில் தடை வெட்கம் இல்லையே!

இதைத் தோண்டும்போதுதான் பட்டியல்கள் கண்ணில் பட்டன. என்.எச்.எஸ் இலவசம்தான், ஆனால் எல்லாமே இலவசம் இல்லை. எந்தச் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்குவது என்பதை அந்தந்த வட்டார அமைப்பு முடிவு செய்யும். பலன் குறைவு, அல்லது வெறும் அழகுக்காக என்று கருதப்படும் சிகிச்சைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. லண்டனில் குரோய்டன் என்ற பகுதி தயாரித்த பட்டியலில் 34 சிகிச்சைகள் இருந்தன. நாடு முழுக்க இப்படிப்பட்ட பட்டியல்களை வைத்து எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று ஆடிட் கமிஷன் 2011-ல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. நம்ம நிகழ்ச்சி ஓஹோவென்று ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு ஊரில் கிடைக்கிற ஆபரேஷன் பக்கத்து ஊரில் கிடைக்காது. இதை அங்கே 'போஸ்ட்கோடு லாட்டரி' என்று சொல்வார்கள், நம்ம பாஷையில் பின்கோடு அதிர்ஷ்டம்.

பிறகு இது தேசிய அளவிலும் வந்தது. இங்கிலாந்தில் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி 17 சிகிச்சைகளுக்குக் கட்டுப்பாடு. நாலு சிகிச்சை வழக்கமாகக் கிடையவே கிடையாது, மீதி 13-க்கு நிபந்தனை. அந்தப் பட்டியலைப் படித்தால் ஏதோ பழைய எபிசோடுகளின் உள்ளடக்கப் பக்கம் மாதிரி இருக்கு. மூல ஆபரேஷன், வெரிகோஸ் வெயின், மார்பகக் குறைப்பு, புற்றுநோய் அல்லாத தோல் கட்டிகள், குறட்டைக்கான ஆபரேஷன். மார்பகக் குறைப்பு வேண்டுமென்றால் பி.எம்.ஐ 27-க்குக் கீழே இருக்கணும், அதுவும் ஒரு வருஷம் நிலையாக. தோல் கட்டி என்றால் வலிக்கணும், ரத்தம் கசியணும், அடிக்கடி சீழ் பிடிக்கணும், இந்த மாதிரி ஏதாவது ஒரு தொந்தரவு இருக்கணும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பது மட்டும் போதாது.

கவனிங்க, அசிங்கமாக இருக்கிறது என்பதுதான் அந்த நிகழ்ச்சிக்குள் நுழைய டிக்கெட்டே. அரசு எதைக் காரணமாக ஏற்காதோ அதையே டிவி காரணமாக ஏற்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வாழ்க்கையைக் கெடுக்கிறது என்ற ரகத்து நோய்கள் எல்லாம் இலவச வைத்தியத்தின் வேலி ஓரத்தில் நிற்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் கேமரா நிற்கிறது.

அப்ப திரையில் நடக்கிற வைத்தியத்துக்குக் காசு யாருடையது? பல கதைகளில் இதை நிகழ்ச்சி சொல்வதே இல்லை. டாக்டர் பேசுகிறார், அடுத்த காட்சியில் நோயாளி ஸ்பெஷலிஸ்ட் அறையில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் பரிந்துரைக் கடிதம், காத்திருப்பு, அனுமதி, பில் எல்லாம் எடிட்டிங்கில் போய்விட்டன. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அதே நோய் இருந்தால், தைரியமாக வாயைத் திறந்தால் தனக்கும் இதே வேகத்தில் நடக்கும் என்றுதான் நினைப்பார். நிகழ்ச்சி மேல் எனக்கு இருக்கிற முதல் குறை இதுதான். வெட்கத்தைப் பற்றி இவ்வளவு பச்சையாகப் பேசுகிறவர்கள் காசைப் பற்றிப் பேச இவ்வளவு கூச்சப்படுகிறார்கள்.

சேனல் 4 அரசுக்குச் சொந்தமானது என்றாலும் விளம்பர வருமானத்தில் ஓடும் சேனல். ஆக நிகழ்ச்சியின் செலவை விளம்பரதாரர் தருகிறார், பார்வையாளர் இருந்தால் விளம்பரதாரர் வருவார், காட்ட ஓர் உடம்பு இருந்தால் பார்வையாளர் வருவார். கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்த்தால் நோயாளியும் ஒரு பங்கு கட்டுகிறார். அவர் தருவது பணம் இல்லை, அந்தரங்கம்.

இதே பண்டமாற்று அமெரிக்காவில் வெளிப்படையாகவே நடக்கிறது. 'டாக்டர் பிம்பிள் பாப்பர்' என்று கேள்விப்பட்டிருப்பீங்க. கலிபோர்னியாவின் அப்லேண்ட் ஊரில் தோல் டாக்டராக இருக்கும் சாண்ட்ரா லீ, கட்டிகளைப் பிதுக்கி எடுக்கும் வீடியோக்களை யூட்யூபில் போட்டுப் பிரபலமானார். 2018-ல் டி.எல்.சி சேனல் அதை டிவி நிகழ்ச்சியாக்கியது. அங்கே கொழுப்புக் கட்டி மாதிரி விஷயங்களை அழகு சிகிச்சை என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பல சமயம் கைவிரித்துவிடும். வீடியோ எடுக்கச் சம்மதித்தால் கட்டணத்தில் சலுகை என்ற ஏற்பாடு அவருடைய யூட்யூப் காலத்திலேயே ஆரம்பித்தது. நிகழ்ச்சியிலும், இன்ஷூரன்ஸ் இல்லை, கையில் காசு இல்லை, அதனால்தான் இத்தனை வருஷம் இந்தக் கட்டியோடு இருந்தேன் என்று நோயாளிகளே சொல்வதைக் கேட்கலாம். அருவருப்பாகத் தோன்றினாலும் இதில் ஒரு நேர்மை இருக்கு. காசு என்ற வார்த்தையாவது காதில் விழுகிறது.

பிரிட்டனும் அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. எம்மா க்ரேதார்ன் என்ற தோல் மருத்துவரின் 'தி பேட் ஸ்கின் கிளினிக்' நிகழ்ச்சி, தனியார் கிளினிக்கில் இதே மாதிரிக் கட்டிகளை எடுப்பதைக் காட்டுகிறது. இலவச வைத்தியம் இருக்கிற நாட்டிலும் அமெரிக்க மாடல் கதைக்கு இப்போது ஆள் கிடைக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நண்பர் என்னை மடக்கினார். "அவங்க சம்மதிச்சுத்தானே வர்றாங்க? கட்டியும் போச்சு, காசும் மிச்சம். உனக்கு என்னப்பா பிரச்னை?"

நியாயமான கேள்வி. அந்தத் தனிமனிதர் இடத்தில் நான் இருந்தால் நானும் போயிருப்பேனோ என்னவோ. பதினைந்து வருஷம் முதுகில் ஒரு கட்டியைச் சுமந்தவருக்குப் போய் அந்தரங்கத்தின் மேன்மையைப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி கிடையாது. என் பிரச்னை அவர் மேல் இல்லை, தேர்ந்தெடுக்கிற முறை மேல்தான். அரசுப் பட்டியல் கொடுமையாக இருக்கலாம், ஆனால் அதில் எழுதிவைத்த விதி இருக்கு. அது தப்பு என்று வாதாடலாம். என் நிலைமை விதிவிலக்கானது என்று தனியாக விண்ணப்பம் போட அங்கே வழி இருக்கு. டிவிக்காரர் ஆள் பிடிப்பதில் விதி எது? பெரிய கட்டி, விநோதமான கட்டி, உருக்கமாகப் பேசத் தெரிந்த ஆள். கேமராவுக்குச் சுவாரசியம் இல்லாத நோய்க்காரர் என்ன செய்வார்? வருஷக்கணக்காக இடுப்பு வலி, வெளியே தெரியாத காது இரைச்சல், இதையெல்லாம் யார் பார்ப்பாங்க? அவர்களுக்கு அப்பீலும் கிடையாது. அதுபோக, கட்டி ஒரு மணி நேரத்தில் போய்விடும், வீடியோ போகாது. 2010-ல் சம்மதக் கையெழுத்து போட்டவர், பதினைந்து வருஷம் கழித்து எங்கேயோ காய்ச்சலில் படுத்திருக்கும் ஒருத்தன் போனில் தன்னைப் பார்ப்பான் என்று நினைத்திருப்பாரா?

இதைப் படிக்கிற நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. நம்ம டிவியிலும் ராத்திரி நேரத்தில் கூச்ச நோய்கள்தான் ஓடும். ஆனால் அங்கே சேனலுக்குக் காசு கட்டி நேரத்தை வாங்குகிறவர் வைத்தியர். போன் போட்டுப் போகிற நோயாளி பிறகு அதை வட்டியோடு கட்டுவார். ஆண்மைக்குறைவு, விரைவீக்கம், வெண்புள்ளி உட்பட 54 நோய்களுக்கு மருந்து இருக்கிறது என்று விளம்பரம் செய்யக் கூடாது என 1954-லேயே சட்டம் போட்டாச்சு. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவர்களைப் பார்த்தால் அந்தச் சட்டம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரியும்.

என் பெரியப்பா ஒருத்தர் மூலத்தை எட்டு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். அரசு ஆஸ்பத்திரி பத்து நிமிஷ நடையில் இருந்தது, வைத்தியமும் இலவசம். ஒரே ஒரு நாள் போனார். டாக்டர் மேஜையைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள், அதில் ஒருத்தர் எங்க தெரு. வயித்து வலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். கடைசியில் தனியார் கிளினிக்கில் கடன் வாங்கித்தான் ஆபரேஷன். அவர் அந்தக் காசைக் கொடுத்தது சாத்திய கதவுக்கு என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். பிரிட்டிஷ் டிவி நோயாளி அந்தரங்கத்தைக் கொடுத்து வைத்தியம் வாங்குகிறார், பெரியப்பா காசைக் கொடுத்து அந்தரங்கம் வாங்கினார்.

கூச்சத்தைப் போக்க முகத்தைக் காட்டியே தீரணும் என்றும் இல்லை. நம்ம பத்திரிகைகளின் டாக்டர் பதில்கள் பகுதியில் 'பெயர் வெளியிட விரும்பாத வாசகி' எத்தனை வருஷமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்!

நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரல. இன்னும் யாரோ ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டுத்தான் ரத்தம் வருவதை டாக்டரிடம் சொல்லப் போகிறார். ஒவ்வொரு கதை முடியும்போதும் திரையின் கீழே ரெண்டு வரி போட்டால் போதும். இந்தச் சிகிச்சைக்கான செலவை யார் கொடுத்தது? கேமரா இல்லாமல் போயிருந்தால் இவருக்கு இது கிடைத்திருக்குமா, எத்தனை மாசத்தில்?

அடுத்த தடவை இந்த மாதிரி நிகழ்ச்சி பார்க்கும்போது நீங்களே இந்த ரெண்டு கேள்வியையும் போட்டுப் பாருங்க. உங்களுக்குத் தெரிந்த நிகழ்ச்சிகளில் எதிலாவது பில்லைக் காட்டியிருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்க, பதிவில் சேர்த்துடறேன்.