பிழைத்தலும் பிழைப்பும்: வடசென்னைக் கடற்கரையை முன்வைத்துத் தப்பித்தல் கதையாடல்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மயிரிழையில் உயிர்தப்பிய நிகழ்வுகள் பெரும்பாலும் அகன்று சென்றவரின் நோக்கிலேயே கதையாகின்றன. ஓடியும் திரும்பி வந்தாக வேண்டியவரின் நோக்கு அவற்றுள் இடம்பெறுவது அரிது. 1914ஆம் ஆண்டின் எம்டன் தாக்குதல் பற்றிய வழக்காறுகள், ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, வெ.சாமிநாத சர்மாவின் பர்மா நடைப்பயண நூல், 2023ஆம் ஆண்டின் எண்ணூர் நிகழ்வு ஆகியவற்றை ‘பிழைத்தல்’ என்னும் சொல்லின் பொருட்பரப்பில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

ஆபத்திலிருந்து மீள்வதைக் குறிக்கத் தமிழில் பெருவழக்காக உள்ள சொற்கள் தப்புதல், பிழைத்தல் என்னும் இரண்டு. இவ்விரண்டும் தவறுதல் என்ற பொருளையும் உடையன. பிழைத்தல் என்பதற்கு வாழ்க்கை நடத்துதல் என்னும் மூன்றாவது பொருளும் உண்டு. அதிலிருந்து ‘பிழைப்பு’ பிறக்கிறது. நோயிலிருந்து மீண்டவர் பிழைத்தவர். வேலை தேடி நகரத்திற்கு வந்தவர் பிழைக்க வந்தவர். உயிரைக் காத்துக்கொள்ளலும் வயிற்றைக் காத்துக்கொள்ளலும் ஒரே சொல்லுக்குள் அமைந்திருப்பது இக்கட்டுரைக்கு அடிப்படையாகிறது. முதலாவது ஓடச் சொல்கிறது. இரண்டாவது திரும்பி வரச் சொல்கிறது. இம்முரண் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் கூர்மையாக வெளிப்படுகிறது.

தொல்காப்பிய மரபு பாலைக்குப் பிரிதலையும் நெய்தலுக்கு இரங்கலையும் உரிப்பொருளாக வகுக்கும். இவ்வகைப்பாடு அகப்பொருளுக்கு உரியது. பேரிடர்க் கதைகளுக்கு அதனை அப்படியே பொருத்த இயலாது. எனினும் நீங்கிச் செல்பவரின் அனுபவமும் கரையில் தங்கியவரின் அனுபவமும் தனித்தனி இலக்கிய நிலங்கள் என்னும் பார்வை இங்கும் பயன்படும்.

எம்டன்: ஓடியவர் இல்லாத கதை

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, கார்ல் ஃபான் முல்லர் தலைமையிலான ‘எம்டன்’ என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலன்கள் தீப்பற்றின. தாக்குதல் அரைமணி நேரத்திற்குள் முடிந்துவிட்டது. கப்பல் மீண்டும் வரக்கூடும் என்ற அச்சமோ பல நாள்கள் நீடித்தது. மக்கள் திரளாக நகரைவிட்டு வெளியேறினர். குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு உயர்நீதிமன்ற மதிற்சுவரில் இன்றும் உள்ளது. மக்கள் வெளியேறியதைக் குறிக்கும் சின்னம் எதுவும் அங்கில்லை.

இந்நிகழ்வு தமிழில் இரு வடிவங்களில் தங்கியது. ஒன்று, சொல். சூழ்ச்சியும் துணிச்சலும் மிக்கவரை ‘எம்டன்’ என்பது பேச்சுவழக்காயிற்று. 2006ஆம் ஆண்டில் ‘எம்டன் மகன்’ எனப் பெயரிடப்பட்ட திரைப்படம், தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்கின் பொருட்டு ‘எம் மகன்’ என மாற்றப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் நாவில் புழங்கிய சொல் அப்போதும் அயற்சொல்லாகவே எண்ணப்பட்டிருக்கிறது. மற்றொன்று, தொன்மம். விடுதலைப் போராளி செண்பகராமன் அக்கப்பலில் இருந்தார் என்ற செய்தி மேடைகளிலும் நூல்களிலும் திரும்பத் திரும்பக் கூறப்படுகிறது. எம்டன் 1914 ஜூலை இறுதியில் சீனக் கரையின் சிங்தாவ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. செண்பகராமனோ அவ்வாண்டில் ஐரோப்பாவில், சூரிச் நகரில் இயங்கிக்கொண்டிருந்தார். அச்செய்தியை உறுதிசெய்யும் ஆவணச் சான்று முன்வைக்கப்பட்டதில்லை.

எனினும் இத்தொன்மத்தைப் பொய் என ஒதுக்குவதோடு திறனாய்வின் பணி முடிவதில்லை. உயிருக்கு அஞ்சி ஓடிய ஒரு நகரம், தன்னை ஓடவைத்த கப்பலிலேயே தன் விடுதலை வீரனை ஏற்றி வைத்தது. குண்டிலிருந்து தப்பும் விழைவு, அயலாட்சியிலிருந்து தப்பும் விழைவாகப் பின்னாளில் உருமாறியதன் தடம் இது. இவ்வுருமாற்றத்தில் மறைந்து போனவர், மூட்டை முடிச்சுகளோடு தொடர்வண்டி ஏறியவரும் ஏற முடியாதவரும் ஆவர். வெளியூரில் உறவும் கையில் பயணச் செலவும் உடையவர்க்கே அந்த ஓட்டம் எளிதாகியிருக்கும். துறைமுகத்தில் நாட்கூலி பெற்றவர்க்கு எரிந்த இடமே பிழைப்பின் இடமும் ஆகும்.

இதற்கு மாறாக, எம்டன் வீரர்களின் தப்பித்தல் விரிவாகப் பதிவாகியுள்ளது. 1914 நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான ‘சிட்னி’ எம்டனை வீழ்த்தியபோது, தீவில் இறங்கியிருந்த ஏறத்தாழ ஐம்பது வீரர்கள் ஹெல்முட் ஃபான் மூக்கே தலைமையில் ‘ஆயிஷா’ என்னும் பாய்க்கப்பலைக் கைப்பற்றித் தப்பினர். அரேபியா வழியாக 1915 மே மாதம் கான்ஸ்டான்டினோபிளை அடைந்தனர். அப்பயணத்தை மூக்கே நூலாக எழுதினார். தாக்கியவரின் தப்பித்தல் நூலாயிற்று. தாக்கப்பட்டவரின் தப்பித்தல் ஒரு சொல்லளவில் சுருங்கிற்று.

தோணியும் நடையும்

தமிழ் நாவலில் தப்பித்தல் முழுமையான பொருளாவது 1972இல் வெளியான ‘புயலிலே ஒரு தோணி’யில் எனலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சுமத்ராவிலிருந்து பினாங்கு செல்லும் தோணி புயலில் சிக்கி மீள்கிறது. நாவலுக்குப் பெயர் தந்த அந்நிகழ்வில் பாண்டியனின் வீரத்திற்கு வேலை இல்லை. கடலே அவனை விட்டுவைக்கிறது. பிறகு பல ஆபத்துகளைத் தன் அறிவாலும் துணிவாலும் கடக்கும் அவன், ஊர் திரும்பும் எண்ணம் கனிந்த நிலையில் சுடப்பட்டு இறக்கிறான். தப்பித்தலைத் திறமைக்கான பரிசாகக் காட்டும் சாகசக் கதை மரபைச் சிங்காரம் இவ்விடத்தில் முறிக்கிறார். அவர் காட்டும் உலகில் தமிழர் கடல் கடந்தது பிழைப்பிற்காக. போரில் பிழைத்தது தற்செயலாக.

வெ.சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ இதனினும் வேறுபட்டது. 1941 டிசம்பரில் இரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசிய பின்னர், இந்தியர் பல்லாயிரவர் கால்நடையாகத் தாயகம் நோக்கினர். அவர்களுள் ஒருவராக நடந்த சர்மா, அந்த அனுபவத்தைத் தன் கூற்றாக எழுதியுள்ளார். ஓடியவரே எழுதியவர் என்பதால், எம்டன் வழக்காற்றில் காணப்படாத குரல் இந்நூலில் கிடைக்கிறது. எனினும் எழுத வல்லவரின் ஓட்டம் இது. உடன் நடந்த கூலித் தொழிலாளரின் சொந்தக் கூற்று நமக்குக் கிடைக்கவில்லை.

வந்து சேர்ந்த இடம்

பர்மாவிலிருந்து வெளியேறியோரின் வரலாறு 1942உடன் முடியவில்லை. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றி வணிகத்தை அரசுடைமையாக்கிய பின்னர், கப்பல் கப்பலாகத் தமிழர் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பகுதியிலும் அவர்களுள் பலர் குடியமர்ந்தனர். எண்ணூரில் ‘பர்மா நகர்’ என்ற பெயர் அதற்குச் சான்று. ஒரு தப்பித்தல் முடிந்த இடமாக அமைந்த அப்பகுதியே, பின்னர் அனல்மின் நிலையங்களும் வேதித் தொழிற்சாலைகளும் செறிந்த பகுதியாயிற்று.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் உள்ளிட்ட பகுதி மக்கள் மூச்சுத்திணறலோடு இருளில் ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய்க்கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிப் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியிருந்தது. இரவில் ஓடியவர்கள் மீண்டும் அதே குப்பத்திற்குத் திரும்பினர். படகும் வலையும் கழிமுகமும் அங்கேதான் இருந்தன. திரும்பியவர்கள் ஆலையை மூடக் கோரிப் போராட்டத்தில் அமர்ந்தனர். பிழைத்தலும் பிழைப்பும் ஒரே இரவுக்குள் ஒன்றையொன்று எதிர்கொண்ட தருணம் அது.

இந்நிகழ்வை வாசிக்கையில் திறனாய்வாளர் தவிர்க்க வேண்டிய ஒரு வழுக்கல் உண்டு. கடலோர மக்கள் ஊரைவிட்டு நீங்காமையை ‘மண்பற்று’ என்றும், நெய்தலின் பொறுமை என்றும் போற்றுதல் எளிது. அப்போற்றுதல், நீங்க வழியின்மையை விருப்பமாக்கிக் காட்டிவிடும். மறுபுறம், அவர்களை இடம்பெயர்த்தலே தீர்வு என்னும் வாதம் பிழைப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. அம்மக்கள் முன்வைத்த கோரிக்கை இவ்விரண்டிலும் சேராதது: ஓட வேண்டிய காரணத்தையே அகற்றுக என்பது அது. இரங்கலை ஆற்றாமையாக மட்டும் பொருள்கொள்ளும் வாசிப்பு இக்குரலைத் தவறவிடும்.

முடிவுரை

தப்பித்தல் கதையாடல்கள் கடப்பவரை நாயகராக்குகின்றன. எம்டன் வழக்காற்றில் கப்பலும், சாகசக் கதைகளில் வீரனும் அவ்விடத்தைப் பெறுகின்றனர். சிங்காரம் அந்நாயகத்தன்மையை ஐயுறுகிறார். சர்மா ஓடியவரின் கூற்றை நமக்குத் தருகிறார். ஓடிய பின்னரும் மறுநாள் காலையில் அதே கரையில் வலையைப் பிரிக்க வேண்டியவரின் கூற்று இன்னும் செய்தித்தாள் பத்திகளிலும் போராட்ட முழக்கங்களிலுமே உள்ளது. அவற்றையும் பனுவலாகக் கொண்டு வாசிக்கும்போதே ‘பிழைத்தல்’ என்னும் சொல் தன் மூன்று பொருளையும் திறக்கும்: அவர்கள் உயிர்தப்பினர்; வாழ்வு நடத்துகின்றனர்; தவறு வேறிடத்தில் நிகழ்ந்தது.