மன்ஜனீக்கின் முன் நின்றுபோன கேள்வி

மத்ஹபுகளின் கருத்து வேறுபாடுகளைத் தொகுத்துரைக்கும் நூல்கள் பல உள. அவ்வேறுபாடு எதனால் தோன்றிற்று என்று இடந்தோறும் வினவுவது இமாம் இப்னு ருஷ்து (1126–1198) அவர்களின் 'பிதாயத்துல் முஜ்தஹித்' நூலுக்குரிய தனிச்சிறப்பு. அதன் ஜிஹாது பாடத்தில் அச்சிறப்பையும் காண்கிறோம். அது தளரும் இடத்தையும் காண்கிறோம்.

போரிடாத பெண்களையும் சிறாரையும் கொல்லலாகாது என்பதில் அறிஞர்களிடையே வேறுபாடில்லை என்று இமாம் பதிவு செய்கிறார். முதியோர், பார்வையற்றோர், ஒதுங்கி வாழும் துறவியர் ஆகியோரைப் பற்றியே வேறுபாடு எழுகிறது. இமாம் மாலிக் (ரஹ்) இவர்களைக் காக்கிறார். இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களின் வலுவான கருத்தாக இந்நூல் தருவது இதற்கு மாறானது. வேறுபாட்டின் வேரை இப்னு ருஷ்து தோண்டி எடுக்கிறார்: ஒருவரைக் கொல்வதற்குரிய காரணம் (இல்லத்) இறைமறுப்பா, போரிடும் ஆற்றலா? போர்ச் சட்டம் முழுவதையும் அளக்கவல்ல கேள்வி இது.

அடுத்து மன்ஜனீக் என்னும் கல்லெறி பொறி வருகிறது. கோட்டைக்குள் பெண்களும் குழந்தைகளும் இருப்பினும் அதைப் பயன்படுத்தலாம் என்கிறார். தாயிஃப் முற்றுகை (ஹிஜ்ரி 8) பற்றிய அறிவிப்பு அதற்கு ஆதாரம். உள்ளே முஸ்லிம் கைதிகளும் குழந்தைகளும் இருந்தால்? நிறுத்த வேண்டும் என்பார் அவ்ஸாயீ. கூடும் என்பார் லைஸ். இருதரப்பு ஆதாரங்களையும் இமாம் காட்டுகிறார். ஆயினும் தாம் முன்னர் எழுப்பிய கேள்வியை இங்கே தொடரவில்லை. போராற்றலே காரணமெனில், எந்தக் குழந்தையிடம் அது இருக்கிறது?

இவ்விடைவெளி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பேரழிவு ஆயுதங்களை அனுமதித்து 2003-இல் சவூதியின் நாஸிர் அல்ஃபஹ்து எழுதிய ஃபத்வா, மன்ஜனீக்கையே சான்றாகக் கொண்டது. நோக்கம் கோட்டைதான், குழந்தையன்று என்ற விளக்கம் மதிலைக் குறிவைக்கும் கல்லுக்குப் பொருந்தலாம். 1945 ஆகஸ்ட் 6-இல் ஹிரோஷிமாவில் விழுந்த குண்டு எந்த மதிலைக் குறிவைத்தது? மதிலையும் மக்களையும் பிரித்தறியாத ஆயுதத்தை மன்ஜனீக்குடன் ஒப்பிடுவது கியாஸ் ஆகாது. இரண்டுக்கும் பொதுவான காரணம் இல்லை.

இப்பாடத்தைக் கற்பிப்போர் முடிவுகளை ஒப்புவிக்கச் செய்வதோடு அமையலாகாது. இமாமின் கேள்வியை அவர் நிறுத்திய இடத்திற்கு அப்பாலும் கொண்டு செல்வதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.