மூலையில் நிற்கும் மூத்தவரின் விலை

கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில், பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு திருப்தியடையாமல், மாட்டைச் சற்று நடக்கவிட்டு, அதன் குளம்பு தரையில் பதியும் விதத்தைக் கண்கொட்டாமல் கவனித்த பிறகே துண்டுக்கடியில் தரகரின் விரலைப் பற்றும் விவசாயியைப் பார்த்திருப்பீர்கள். மனிதரை மாட்டோடு சேர்த்துப் பேசுவது மரியாதையன்று. ஆயினும், புரோ கபடி ஏலத்தில் வயது ஏறி, காயமும் பட்ட ஒரு தடுப்பாட்டக்காரருக்கு என்ன விலை தகும் என்று யூகித்து ரசிக்க விரும்புகிறவருக்கு அந்த விவசாயியின் கண் அவசியம்.

பாடிச் செல்லும் ரெய்டருக்கு வேகமே மூலதனம். மூலையில் நிற்கும் தடுப்பாளருக்கோ பொறுமை. எதிரி போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டும்போது, இது மெய்யா, ஆசை காட்டுவதா என்று நிர்ணயித்து, பிடிக்கத் தகாததை விட்டுவிடும் விவேகம் வயதோடு வளர்வது. தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியில் 1975-ல் பிறந்த தர்மராஜ் சேரலாதன், 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிப் பட்டம் வென்று, அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்று, 2019-ல், நாற்பத்து நான்கு வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கும் தலைவராயிருந்தார் என்பது இதற்குப் பிரத்தியட்சமான சாட்சி.

ஆகவே ஆட்டத்தைப் பார்க்கையில் பாடி வருபவரை விட்டு, மூலையில் நிற்பவரின் பாதத்தில் பார்வையை நிறுத்துங்கள். எடை முன்பாதத்தில் இருக்கிறதா, குதிகாலில் சாய்ந்துவிட்டதா? பக்கவாட்டில் நகரும்போது ஒரு காலை மட்டும் ஒதுக்கி வைக்கிறாரா? எல்லாவற்றிலும் முக்கியமானது, அவர் எந்தக் கணத்தில் பாய்கிறார் என்பது. கால் தாமதிப்பதை உள்ளூர உணர்ந்துவிட்ட ஆட்டக்காரர், அந்தத் தாமதத்தை ஈடுகட்ட எண்ணி, எதிரி உள்ளே வருவதற்கு முன்பே கணுக்காலை நோக்கி விழத் தொடங்குவார். ஸ்கோர் பலகை அதைத் தோற்ற பிடி என்று மட்டும் காட்டும், ஆனால் ரசிகருக்கு அது வயோதிகத்தின் முதல் அறிவிப்பு. பிடி தவறியபின் கையை ஊன்றாமல் எழுகிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காயங்களிலும் தாரதம்மியம் உண்டு. விரல் பிசகினால் கணுக்கால் பிடி தளரும், தொடைப் பிடிக்கு மாறிக்கொள்ளலாம். தோள் நொந்தால், பக்கத்தவரோடு கைகோத்து நிற்கும் சங்கிலியில் எந்தக் கையைக் கொடுக்கிறார் என்பதிலேயே விஷயம் வெளிப்பட்டுவிடும். முழங்கால்தான் பயங்கரம். 2022-ல் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்த பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டுப் பருவம் முழுவதும் வெளியே இருந்தும், மறு ஏலத்தில் 2 கோடியே 60 லட்சத்தைத் தாண்டினார். இளம் ரெய்டருக்குக் கிடைத்த அந்தச் சலுகை முதிர்ந்த தடுப்பாளருக்கு ஒருபோதும் கிட்டாது.

ஆனால் மூத்தவரை மதிப்பிடுவதில் சந்தையும் சில சமயம் ஏமாறும். ஈரானின் இடதுமூலை வீரர் ஃபசல் அத்ராசலிக்கு 2023-ல் குஜராத் ஜயண்ட்ஸ் தந்தது 1 கோடியே 60 லட்சம். மறு ஆண்டு பெங்கால் வாரியர்ஸ் தந்தது 50 லட்சம். அதற்கடுத்த 2025-ல் பட்டம் வென்ற டெல்லி அணியில் அவர் இருந்தார். அதே டெல்லி, ஜோகிந்தர் நர்வால், மஞ்சீத் சில்லர், நம் ஜீவகுமார் முதலிய மூத்தவர்களைத் தடுப்பில் நிறுத்தி, 2022 பிப்ரவரியில் பாட்னாவை 37-36 என வென்றதும் மறக்கத்தக்கதன்று. ஒற்றைப் புள்ளியில் முடிவாகும் ஆட்டத்தில், களத்தில் மூவரோ அதற்குக் குறைவாகவோ எஞ்சியிருக்கும்போது பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல் என்ற விதியை நினையுங்கள். அந்நேரத்தில் பதறாத தலை ஒன்று மூலையில் வேண்டும். இளையவர்களுக்கு அவர் கொடுக்கும் குரலுக்குப் புள்ளிவிவரத்தில் இடமில்லை, விலையில் இருக்க வேண்டும்.

ஓர் அணி மொத்தமாகச் செலவிடக்கூடியது ஏறத்தாழ ஐந்து கோடி என்ற கணக்கில் என் அபிப்பிராயம் இது: விரலிலும் தோளிலும் காயம்பட்ட மூத்தவரை, பாய்ச்சலில் அவசரம் தென்படாதவரை, அடிப்படை விலைக்குச் சற்று மேலேயும் தயங்காமல் எடுக்கலாம், முழங்கால் நொந்தவரோடு, எத்தனை புகழ் இருந்தாலும், ஓராண்டுக்கு மேல் ஒப்பந்தம் செய்யலாகாது.