செத்துப்போன அம்மா பதில் சொல்லலாமா?

2014-ல் வந்த 'வேலையில்லா பட்டதாரி' படத்தின் 'அம்மா அம்மா' பாட்டு, எங்க தாம்பரம் பக்கம் சாவு வீட்டுப் பாட்டாகவே ஆகிவிட்டது. சேலையூரோ, பெருங்களத்தூரோ, குரோம்பேட்டையோ, அம்மா செத்த வீட்டில் படத்திறப்பு என்றால் வாடகை ஸ்பீக்கரில் ஒரு தடவையாவது போட்டுவிடுகிறார்கள். வருஷ நினைவு நாளுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அதுதான். தனுஷ் எழுதியது, அனிருத் இசை. பாடியவர்கள் தனுஷும் எஸ். ஜானகியும்.

எனக்கு இந்தப் பாட்டோட ஒரு தகராறு உண்டு. படத்துல அம்மா சாகும்போது மகன் பக்கத்துல இல்ல. வலியெல்லாம் அங்கதான் இருக்கு. பாட்டில் மகன் அம்மாவைத் தேடுகிறான், கூப்பிடுகிறான். அதுவரை சரி. பிறகு ஜானகி குரலில் அம்மாவே வந்து அவனைத் தேற்றுகிறாள். அவன் மன்னிப்பு கேட்டு முடிக்கும் முன்பே மன்னிப்பு வந்துவிடுகிறது.

ஒப்பாரியில் இது நடக்காது. பெண்கள் பிணத்தைப் பார்த்து நேராகத்தான் பேசுவார்கள். கேள்வி கேட்பார்கள், என்னை விட்டுட்டுப் போயிட்டியே என்று சண்டைகூடப் பிடிப்பார்கள். பதில் வராது. வராததால்தான் அடுத்த அடி பிறக்கிறது. ஒருத்தி மூச்சு வாங்கினால் பக்கத்தில் இருப்பவள் எடுத்துக்கொள்வாள். ஆம்பளைங்க வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வண்டி எப்ப வரும்னு விசாரிச்சிட்டு இருப்பாங்க.

அம்மாவுக்காக ஒரு ஆண் வாய்விட்டு அழுதது என்றால் உடனே நினைவுக்கு வருவது பட்டினத்தார் பேரில் வழங்கும் பத்துப் பாடல்கள். பச்சை வாழை மட்டையை அடுக்கி, பாடியே தீ மூட்டினார் என்ற கதை கிடக்கட்டும். பாடல்களில் இருப்பது சுமந்த வயிறு, பால் கொடுத்த மார்பு, தூக்கிய தோள். இந்த உடம்புக்கா நான் வாய்க்கரிசி போட்டுக் கொள்ளி வைப்பது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். எல்லாம் துறந்தவர், இதை மட்டும் துறக்க முடியவில்லை. கடைசியில் அம்மாவைச் சிவனிடம் ஒப்படைக்கிறாரே தவிர, அவள் வாயில் ஒரு வார்த்தையும் வைக்கவில்லை.

எதிர்த்தரப்புக்கும் ஒரு பெரிய சாட்சி உண்டு. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் அம்மா 1865-ல் இறந்தார். 1868-ல் பிரெமன் பேராலயத்தில் 'ஜெர்மன் ரெக்வியம்' அரங்கேறிய பிறகு, அதில் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்தார். தனியாக ஒரு பெண் குரல், கூடவே கூட்டுக்குரல். தாய் தேற்றுவதுபோலத் தேற்றுவேன் என்ற பைபிள் வசனம் அங்கே வருகிறது. அங்கேயும் பதில் வருகிறதே என்று கேட்கலாம். ஆனால் பேசுவது அம்மாவா கடவுளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தவிர, யாரும் பிராம்ஸை மன்னிக்கவில்லை.

தமிழ்ப் பாட்டைக் காப்பாற்றுவது ஜானகிதான். அப்போது அவருக்கு வயது 75-ஐத் தாண்டிவிட்டது. சினிமா அம்மாக்களுக்கு இருபது வயசுக் குரல் கொடுத்துப் பழகின நமக்கு, இது நிஜமாகவே வயசான ஒருத்தியின் குரல். படத்திறப்பில் அதுவரை கல்லு மாதிரி நின்ற மகன்கள் அந்தக் குரல் வந்ததும் உடைவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் உடைவது வரிகளுக்காக என்று எனக்குத் தோணல. ஜானகி வெறும் ஹம்மிங் மட்டும் பாடியிருந்தாலும் அழுதிருப்பார்கள். மகனுடைய கேள்வியும் அப்படியே நின்றிருக்கும்.